சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பர்ஸ்

மார்ச் 6, வியாழன்

இந்தச் சட்டை என்னுடையது இல்லை.

துக்க வீட்டுக்குப் போய் வந்தவன் உடுப்பை வாசலோடு கழற்றி வாளியில் போட வேண்டும். கழற்றும்போதுதான் தெரிந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, என்னுடையதைப் போலவே. ஆனால் தோள் இறங்கிக் கிடந்தது. பையில் ஒரு தோல் பர்ஸ். திறந்ததும் ஓட்டுநர் உரிமம். அதில் சங்கரலிங்கம் அண்ணாச்சி முறைத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை இன்றே எழுதி வைக்கிறேன். பின்னால் ஆளுக்கொன்று பேசுவார்கள்.

பிரமநாயகி அத்தை தவறியதற்காகப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அத்தைக்காக மட்டும்தான் போனேன். கொள்ளி வைத்ததும் ஆண்கள் எல்லோரும் ஆற்றில் முழுக வேண்டும். வேட்டிக்குப் பை கிடையாது. போன், பர்ஸ் எல்லாம் சட்டைப் பையில். (என்னுடையவை ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தன, சாவி மடியில்.) அதனால் சட்டைகளைக் கழற்றிப் படித்துறையில் போட்டுவிட்டு, தீட்டு இல்லாத ஒருவரைக் காவலுக்கு உட்கார வைப்பது எங்களில் வழக்கம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தீட்டு. ஆகவே உறவினர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் முதல் ஆளாகக் கரையேறினேன். அண்ணாச்சியோடு ஒரே படியில் நின்று தலை துவட்ட எனக்கு விருப்பமில்லை. குவியலில் மேலாகக் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வேறு. வழியெல்லாம் பை கனத்தது, கவனிக்கவில்லை.

நாளை கொடுத்துவிடலாம்.

மார்ச் 7, வெள்ளி

கொடுக்கவில்லை. கல்லூரியில் நூலக இருப்புச் சரிபார்ப்பு. தூசியில் நாள் முழுக்கத் தும்மல். சிலிண்டர் வந்தது.

செண்பகம் சட்டையைக் கொடியில் விரித்தபடி, "தோள் ரெண்டும் தொங்குதே, யாரு சட்டையையும் மாத்திப் போட்டுட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள். துவைத்ததில் விட்டிருக்கும் என்றேன். ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் கிளிப்பை மாட்டினாள்.

பர்ஸ் என் அலுவலக அலமாரியில், யாரும் கேட்டு வராத பழைய ஆய்விதழ்களுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் வைக்க வேண்டாம் என்று தோன்றியது.

மார்ச் 8, சனி

அவர் தவிக்கட்டுமே இரண்டு நாள்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி என் பெரியப்பா மகன். கல்லூரிக் கமிட்டியில் உறுப்பினர். தத்துவத்தில் முதுகலையும் ஆய்வும் முடித்துவிட்டு விரிவுரையாளர் நேர்காணலுக்கு நான் போய் உட்கார்ந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். கூட இருந்தவர்கள் என்னைக் கேள்வி கேட்டுத் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சொந்தக்காரன் என்ற உரிமையோடு சொன்னார்: "தம்பி நல்ல படிப்பாளி. ஆனா பிள்ளையளோட மல்லுக்கட்டப் பொறுமை பத்தாது. புஸ்தகத்தோட இருக்கட்டும், அது எதுத்துப் பேசாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்று வரை ஆறவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு நூலகம்.

மதியம் ஆளில்லாத நேரத்தில் பர்ஸைப் பிரித்துப் பார்த்தேன். பணம் இருந்தது, தொடவில்லை, எண்ணவும் இல்லை. நான் தேடியது வேறு. இவ்வளவு பெரிய மனிதரின் பைக்குள் ஏதாவது ஒரு அழுக்கு இருக்கும் என்று நினைத்தேன். ஏ.டி.எம். அட்டை, சர்க்கரை மாத்திரை, மடித்த திருநீற்றுப் பொட்டலம், ஒரு டவுன் பஸ் டிக்கெட். கார் வைத்திருக்கிறவர் டவுன் பஸ்ஸில் போகிறார். வேறு ஒன்றுமே இல்லை. ஏமாற்றமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

என் தங்கை பகவதி போன் செய்தாள். முதலில் அத்தை வீட்டில் யார் யார் அழுதார்கள், யார் நடித்தார்கள் என்று ஒரு கதை. பிறகுதான் விஷயம். அண்ணாச்சியின் பர்ஸ் காணாமல் போனது. காவலுக்கு இருந்த டிரைவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று அண்ணாச்சியின் மகன்கள் நேற்று அந்த ஆளை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள்.

"அவன் பேரு அருளப்பனாம். ரெண்டு அறை விட்டும் ஒத்துக்கிடலையாம். நல்ல அழுத்தக்காரன்" என்றாள்.

யார் அறைந்தது என்று கேட்டேன். அது எதற்கு உனக்கு என்றாள்.

போனை வைத்த பிறகு செண்பகத்திடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக இப்படி ஒரு செய்தி வந்தால் ஒன்பது கேள்வி கேட்பாள்.

மார்ச் 10, திங்கள்

காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் மார்க்கெட் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். குற்றாலம் போக வேன் வாடகை விசாரிக்கிறவனைப் போலக் கேட்டேன். அருளப்பன் வண்டி கிடைக்குமா என்று பேச்சோடு பேச்சாகச் சேர்த்தேன்.

"அவன் வண்டி இப்போ ஸ்டாண்டுல கெடையாது சார்" என்றார் சங்கச் செயலாளர் என்று சொல்லிக்கொண்டவர். சாவு வீட்டில் கை வைத்தவனை வரிசையில் நிறுத்தினால் மற்றவர்களுக்கும் சவாரி வராது. கேஸ் முடிகிற வரை தள்ளி வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். வேனுக்கு இன்னும் தவணை ஓடுகிறது. வண்டி சும்மா நின்றால் பைனான்ஸ்காரன் தூக்கிவிடுவான் என்று இன்னொருவர் சொன்னார். செயலாளர் அவரை முறைத்தார்.

இதில் என் பங்கு என்ன என்று வழி நெடுக யோசித்தேன். நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. நான் யாரையும் அறையவில்லை. பர்ஸ் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் புகாருக்கே இடமில்லை. அது போய்ச் சேர நான் அண்ணாச்சியின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தபாலில் போட்டுவிட்டேன். ஜங்ஷன் பெட்டியில். முகவரியை இடது கையால் எழுதினேன்.

இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாற்றினேன். இருப்புச் சரிபார்ப்பு முடிந்தது. கணிதப் புத்தகங்கள் சில காணவில்லை. முதல்வர் அறையில், "உங்க பொறுப்புதானே?" என்றார்கள். திருடுகிறவனை விட்டுவிட்டுக் காவலிருப்பவனைக் கேட்பது இந்தக் கல்லூரியின் பண்பாடு. இதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மாலையில் பகவதி மறுபடி. பர்ஸ் தபாலில் வந்துவிட்டது. ஒன்றும் குறையவில்லை.

"அப்ப விஷயம் முடிஞ்சுது" என்றேன்.

"எப்பிடி முடியும்? இப்பத்தானே உறுதியாச்சு. அடி விழுந்ததும் பயந்துபோயித் தபால்ல போட்டுட்டான். எழுத்தப் பாத்தாலே தெரியுதாம், படிக்காதவன் கிறுக்கினதுன்னு."

அண்ணாச்சியின் மகன்கள் அந்த உறையையும் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வந்து பொழுது சாய்கிற வரை உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்று அருளப்பனுக்கு உத்தரவு. ஸ்டாண்டில் அவர் பெயரையே எடுத்துவிடப் போகிறார்களாம்.

என் இடது கை எழுத்து படிக்காதவனின் எழுத்து. இதை எழுதும்போது சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

பர்ஸ் கையில் இருந்த வரை எடுத்துப் போய் நீட்ட ஒரு பொருள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மார்ச் 15, சனி

காலையில் மேசை மேல் அந்தச் சட்டை இருந்தது. தேய்த்து, மடித்து, ஒரு துணிக்கடைப் பைக்குள். பக்கத்தில் காப்பி.

"இத யாருட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள் செண்பகம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் எதிரே உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் காலை வேளையில் அவள் என் எதிரே உட்கார்ந்த நினைவே இல்லை.

"அண்ணைக்கு வாளியில போடுறதுக்கு முந்தி பையில கைய விட்டு ஒண்ண எடுத்து மடியில சொருகினிய. நான் நடைக்குள்ளதான் நின்னேன். நாளைக்குச் சொல்லுவாவ, நாளைக்குச் சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

நேர்காணல் கதையை ஆரம்பித்தேன். அவளுக்கு அது மனப்பாடம். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது அவியளுக்கும் ஒங்களுக்கும். அந்த டிரைவர் ஒங்கள என்ன பண்ணினான்?"

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். அந்தப் படியை மிதித்துப் பல வருடம் ஆகிறது. மகன்கள் வெளியே போயிருந்தார்கள். அண்ணாச்சி கூடத்தில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். சட்டையை வெளியே எடுப்பதற்கு முன்பே, "வா குத்தாலம். ஒரு வழியா வந்தே" என்றார்.

குற்றாலிங்கம் என்கிற என் பெயரை முழுதாகச் சொல்ல அவருக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை.

சட்டை மாறிவிட்டது, பர்ஸை அனுப்பியது நான்தான், டிரைவர் இல்லை என்று தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பேப்பரை மடித்தார்.

"தெரியுமே. நீ போட்டுக்கிட்டுப் படியேறினத ஆத்துக்குள்ள நின்னு பாத்தேன். கூப்பிட்டேன், நீ திரும்பல. கடைசியில மிஞ்சிக் கெடந்தது ஒஞ்சட்டைதான். எனக்குப் பொத்தான் பூட்டல, துண்டப் போத்திக்கிட்டு வந்தேன்."

தெரிந்தும் ஏன் மகன்களைத் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீயே கொண்டாருவேன்னு ரெண்டு நாள் பொறுத்தேன். அதுக்குள்ள பயலுவ எங்கிட்டக் கேக்காமலே ஸ்டேஷனுக்குப் போயிட்டானுவ. அதுக்குப் பெறவு நான் என்ன சொல்லட்டும்? எடுத்தது என் சித்தப்பா மவன், காலேஜுல உத்தியோகம் பாக்கான்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கவா? அத்தை சாம்பலு கூட ஆறல. நம்ம வீட்டுப் பேரு என்னத்துக்கு ஆவும்?"

என்னைக் காப்பாற்றியிருக்கிறாராம். இத்தனை வருடம் நான் பொத்தி வளர்த்த பகையை ஒரு நொடியில் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு நன்றிக்கடனைத் திணிக்கிறார். அதைவிட மோசமான ஒன்றும் அந்தக் கூடத்தில் இருந்தது. நான் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒரே ஆள் மேல் ஏறி நின்றிருக்கிறோம்.

அந்த ஆள் கதி என்ன என்றேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பர்ஸ் வேன் சீட்டுக்கு அடியில் கிடந்தது, கண்டெடுத்த யாரோ ஒரு பயணி தபாலில் அனுப்பிவிட்டார் என்று நாளைக்கே சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம், யாருக்கும் பங்கமில்லை, டிரைவருக்கும் ஏதாவது செய்துவிடலாம்.

"நீ ஒண்ணும் வாயத் தெறக்காண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், பிடித்திருந்தது. அண்ணாச்சியின் மனைவி, மைனி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

வாசலில் என் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் யாரோ தேய்த்து வைத்திருந்தார்கள்.

மார்ச் 17, திங்கள்

அண்ணாச்சியின் யோசனையைச் சொன்னதும் செண்பகம் கேட்டாள்: "அந்தப் பொய்க்குச் சம்மதமான்னு அந்த டிரைவர்கிட்டக் கேட்டியளா?"

கேட்க என்ன இருக்கிறது, அவனுக்கு நல்லதுதானே என்றேன். "அப்பச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. அருளப்பன் ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். இடது கன்னம் இன்னும் சற்று வீங்கியிருந்தது. நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் சார். மொதல்ல கரையேறிப் போனவங்க."

நின்றுகொண்டே பேசினேன். உட்காரச் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் பர்ஸ் கிடந்த கதையை என்னால் முடிந்த அளவு இதமாகச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"சீட்டுக்கடியிலயா? அந்தச் சீட்டெல்லாம் கழட்டி ரோட்டுல போட்டுக் காட்டுனேன் சார். ஸ்டாண்டுல அத்தன பேரும் நின்னு பாத்தாங்க. இப்போ அங்கதான் கெடந்துச்சுன்னா, நான் ஒளிச்சு வச்சேன்னுதானே ஆவும்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணாச்சிக்கும்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். முதல் நாளே ஸ்டேஷனில், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் முதலில் சட்டை எடுத்துப் போனார், அவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அந்த இரண்டு அறை. "எங்க வீட்டு ஆளையே திருடன்னு சொல்லுதியால" என்று அண்ணாச்சியின் சின்ன மகன் அடித்தார் என்றார். போலீஸ் அடிக்கவில்லை.

"எனக்கு ஒங்க காசு எதுவும் வேண்டாம். உள்ள வந்து உள்ளதச் சொல்லுங்க. பெறவு ஸ்டாண்டுக்கு வந்து சொல்லுங்க. ஸ்டேஷன்ல விட்டாலும் அவங்க என்னையச் சேக்க மாட்டாங்க, ஒங்க வாயாலக் கேட்டாத்தான் சேப்பாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டீ கிளாஸைக் கழுவி வைத்தார். உட்கார வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி எதிர்ப்பக்கம் போனார்.

அங்கேயே நின்றேன். வேலை போகுமா? கமிட்டி இருக்கிறது, அண்ணாச்சி இருக்கிறார், போகலாம். நூலகர் திருடன் என்று மாணவர்கள் பெயர் வைப்பார்கள். கணிதப் புத்தகங்களும் என் கணக்கில் சேரும். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அருளப்பன் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் இருந்தார். அப்படி உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

நடுவில் ஒரு லாரி போயிற்று. அது போனதும் ரோட்டைக் கடந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று மீதியை எழுத முடியவில்லை. விரல் வலி.

ஸ்டேஷனில் ஏட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். குடும்ப வரலாற்றிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அவர் பாதியில் வாங்கிப் படித்துவிட்டு, "சார், ஒங்க அண்ணன் இன்டர்வியூல பேசினதெல்லாம் எனக்கு எதுக்கு? நீங்க என்ன செஞ்சிய, அத எழுதுங்க" என்று இன்னொரு தாள் தந்தார். அது நான்கு வரியில் முடிந்துவிட்டது. நான்கு வரிக்கு மேல் அதில் விஷயம் இல்லை.

அண்ணாச்சியை போனில் வரச் சொன்னார்கள். வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது, "மோரக் குடிச்சிட்டுப் போயி இத செஞ்சிருக்கே" என்றார் தாழ்ந்த குரலில். அத்தையின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வர வேண்டாம் என்று பகவதி மூலம் இன்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

மாலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். அருளப்பன் வேனை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார். இந்தப் பக்கம் வரவில்லை. செயலாளரிடம் ஸ்டேஷனில் கொடுத்த விவரத்தைச் சொன்னேன். நல்லது, ஆனால் பாதிப் பேர் சவாரியில் இருக்கிறார்கள், எல்லோரும் கேட்க வேண்டும் என்றார். அவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறது. அருளப்பனை அதிலிருந்து நீக்கியதும் அதில்தான். போனை என் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"சொல்லுங்க சார். பேசிப் போடுங்க."

முதல் முறை பேசியதில், துக்கத்தின் மனநிலை, சட்டைகளின் ஒற்றுமை எல்லாம் வந்தன. போட்டுக் கேட்டார்கள். "இதுல அருளப்பன் பேரே வரலியே" என்றார் ஒருவர். அழித்தார்கள்.

இரண்டாம் முறை அவர் பெயரைச் சொன்னேன். வீட்டுக்குப் போன பிறகுதான் பர்ஸ் இருந்தது தெரியவந்தது என்றும் சொன்னேன். அந்த நேரம் அருளப்பன் ரோட்டைத் தாண்டி வந்து பின்னால் நின்றிருக்கிறார்.

"வீட்டுக்குப் போயா சார்?" என்றார். சத்தமாகக் கேட்கவில்லை. "ஸ்கூட்டர்ல ஏறி ஒக்காந்து, பையத் தொட்டுப் பாத்திய. பெறவு என்னையப் பாத்திய. நான் கையக் கூடத் தூக்கினேன், ஏதோ சொல்ல வாறியன்னு."

செயலாளர் அதையும் அழித்துவிட்டு மறுபடி போனை நீட்டினார்.

மூன்றாம் முறை பேசியது இது. நினைவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

"என் பெயர் குற்றாலிங்கம். கல்லூரி நூலகர். பர்ஸை எடுத்துக்கொண்டு போனது நான். வைத்திருந்ததும் நான். தபாலில் போட்டதும் நான். அருளப்பன் எடுக்கவில்லை."

வீட்டுக்குப் போன பிறகு என்பதை விட்டுவிட்டேன்.

அனுப்பியதும் அங்கே நின்றவர்களின் பைகளில் போன்கள் முனகின. ஆளாளுக்கு எடுத்து அழுத்தினார்கள். என் குரல் ஒரு போனில் முடிவதற்குள் அடுத்த போனில் தொடங்கியது. டீக்கடையிலிருந்து ஒன்று, பெஞ்சிலிருந்து ஒன்று, எதிரே நின்ற காருக்குள்ளிருந்து ஒன்று. வகுப்பில் பாடம் நடத்தியிருந்தால் என் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. நன்றாகவே கேட்டது.

சவாரி ஒன்று வந்தது. அம்பாசமுத்திரத்துக்கு, ஒரு குடும்பம். செயலாளர் நிமிர்ந்து, "அருளப்பா, நீ எடு" என்றார்.

அவர் வேனைத் திருப்பிக் கொண்டுவந்து, கதவைத் திறந்து, பைகளை வாங்கி உள்ளே வைத்தார். ஒரு கிழவரைக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். என்னைத் தாண்டித்தான் வண்டி போயிற்று. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மற்றவர்கள் பழைய பேச்சைத் தொடங்கினார்கள். உட்காருங்கள் என்றோ போங்கள் என்றோ யாரும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் சாவியை எந்தப் பையில் போட்டேன் என்று தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.